கட்டையனுக்கு வைக்கோல் போட்ட கதை

அக்கா நம்மை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. "சித்தி, ஒரு பக்கத்துக்குள்ள முடிச்சிருங்க, அச்சாபீஸ்ல இடமில்லைங்கிறாங்க" என்று அக்கா மகன் கறாராகச் சொல்லிவிட்டான். அக்காவை ஒரு பக்கத்தில் அடக்குவதா! அவனுக்கு வேறு வேலையில்லை. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களே, நண்பர்களே, கொஞ்சம் நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். வைக்கோல் போட்ட அந்த நாளைச் சொல்லாமல் முடிக்க எனக்கு மனமில்லை.

நன்னிலத்துக்குக் கிழக்கே, ரயில் பாதையை ஒட்டிய எங்கள் தெருவில், பண்ணைக் கூலிகளான எங்கள் பெற்றோருக்கு மூத்த மகளாக அக்கா பிறந்தார். எனக்குப் பன்னிரண்டு வயது மூத்தவர். நடவு நட்டும் களை பறித்தும் வந்த கூலியில் நோட்டு வாங்கிப் படித்து, பள்ளி இறுதித் தேர்வில் தேறினார். எங்கள் தெருவில் அதற்கு முன் யாரும் தேறியதில்லை. அன்று அம்மா தெருவுக்கே பானகம் கரைத்துக் கொடுத்தார். ஆசிரியப் பயிற்சிக்கு மனுப் போட்டுவிட்டு அக்கா காத்திருந்தபோது, வயலுக்குப் போகும் பெண்கள் தங்கள் பிள்ளைகளை அவரிடம் விட்டுப் போனார்கள்.

வாய்க்கால் கரைப் பூவரச மரத்தடிதான் எங்கள் இடம். ரயில் வந்தால் சின்னப் பிள்ளைகள் வீறிட்டு அழும். அந்தப் பயத்தைப் போக்கத்தான் அக்கா கட்டையனைப் பிறப்பித்தார். கட்டையன் ஒரு குட்டையான கரி எஞ்சின். தண்டவாளத்தில் எருமை படுத்திருந்தால் "அக்கா, கொஞ்சம் எழுந்திரிங்க" என்று மரியாதையாகக் கேட்பான். கொக்கு மேயும் வயல் வந்தால் விசிலை மெதுவாக ஊதுவான். ஆற்றுப் பாலம் வந்தால் கண்ணை மூடிக்கொள்வான். அடடா, அக்கா குப்குப் என்று மூச்சுவிட்டுக் காட்டினால் எங்களுக்கும் மூச்சு வாங்கும்!

கழக ஆட்சி வந்து சில காலம் ஆகியிருந்தது. கூலி உயர்வு கேட்டு எங்கள் ஆட்கள் அறுவடையை நிறுத்தியிருந்தார்கள். விளைந்த நெல் வயலிலேயே சாய்ந்து கிடந்தது. பண்ணையார் வெளியூர் ஆட்களை ரயிலில் இறக்கப் போகிறார் என்று பேச்சு. பள்ளிக்கூடத்தில் போலீஸ் முகாம் போட்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து அக்கா புதுக் கதை சொன்னார். நடுவழியில் கட்டையனுக்குக் கரி தீர்ந்துபோகிறது. பசியில் நகர முடியவில்லை. எருமை தன் பங்கு வைக்கோலைக் கொடுக்கிறது. அதைத் தின்றுவிட்டுக் கட்டையன் ஜம்மென்று கிளம்புகிறான்.

மறுநாள் காலை பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து பண்ணை வைக்கோல் போரிலிருந்து கட்டுக் கட்டாக உருவி, தண்டவாளத்தில் போட்டுவிட்டார்கள். எஞ்சினுக்குச் சாப்பாடாம்! பாசஞ்சர் வண்டி கிறீச்சிட்டு நின்றது. டிரைவர் இறங்கி, வைக்கோலைக் காலால் தள்ளிவிட்டு, வாயில் வந்தபடி திட்டிவிட்டுப் போனார். ஆனால் முகாமுக்குச் செய்தி வேறு மாதிரி போய்ச் சேர்ந்தது. ரயிலை நிறுத்தி வைக்கோலைக் கொளுத்தச் சதி என்றார்கள். உச்சி வெயிலுக்குள் எங்கள் அப்பாவையும் சேர்த்து ஏழு பேரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

தெருவில் ஒரே அழுகை. அக்கா முகத்தைக் கழுவினார், சேலையை இழுத்துச் செருகினார், எங்களையும் நடத்திக்கொண்டு முகாமுக்குக் கிளம்பினார். "வயசுப் பொண்ணு, போவாதடி" என்று அம்மா கையைப் பிடித்தார். "விடும்மா, கதை என்னோடது" என்று சொல்லிவிட்டு அக்கா நடந்தார்.

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். "யாரும்மா நீ?"

"வைக்கோல் போட்டது இந்தப் பிள்ளைங்க சார். போட வச்சது நான் சொன்ன கதை."

"என்ன, காதுல பூ சுத்துறியா?"

"நீங்க கேட்டுட்டு அப்புறம் சொல்லுங்க சார்."

துப்பாக்கிகள் சாத்தியிருந்த அந்த அறையில் நின்று அக்கா முழுக் கதையையும் சொன்னார். விசில் ஊதினார், எருமையாகக் கத்தினார், பசித்த எஞ்சினாக முனகினார். ஒரு கான்ஸ்டபிள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. எங்களில் மிகச் சிறியவனைத் தனியே கூப்பிட்டு, "எஞ்சின் என்னடா திங்கும்?" என்று அதட்டினார்.

"கட்டையனுக்குக் கரி தீந்துபோச்சு சார். பாவம் சார், காலையிலேருந்து பட்டினி. மிச்ச வைக்கோலயும் போடட்டுமா?"

அடுத்தவளைக் கேட்டார். அவளும் அதையே சொல்லி, தண்ணீரும் வைக்க மறந்துவிட்டோம் என்று வருத்தப்பட்டாள். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"சரி, முதல்ல போட்டது யாரு? பேரு வேணும்."

"நான்தான் போடச் சொன்னேன்னு எழுதிக்கங்க சார்."

ஒரு போலீஸ்காரர் இன்ஸ்பெக்டர் காதில் ஏதோ சொன்னார். "டீச்சர் ட்ரெய்னிங்குக்கு மனுப் போட்டிருக்கியாமே? இதுல பேரு ஏறினா அது கிடைக்காதும்மா. யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சிட்டேன் சார். எழுதுங்க."

எழுதினார். ஏழு பேரும் வெளியே வந்தார்கள். அம்மாடி, தெருவே ஓடிவந்து அக்காவைத் தூக்கிக்கொண்டது! அடுத்த வாரத்தில் கூலிப் பேச்சும் முடிந்து அறுவடை தொடங்கியது. பயிற்சிக்கான உத்தரவு மட்டும் வரவேயில்லை. அக்கா பூவரச மரத்தடியிலேயே பல வருடம் கதை சொன்னார். மாமாவை மணந்தார், மகனைப் பெற்றார், நடவுக்கும் போனார். பிறகு பால்வாடியில் உதவியாளர் வேலை கிடைத்தது. ஆயா என்றுதான் பதிவேட்டில் இருந்தது. ஊரோ அவரை டீச்சர் என்றே கூப்பிட்டது.

கடைசி நாட்களில் மூச்சுத் திணறலோடு திருவாரூர் மருத்துவமனையில் இருந்தபோதும் பக்கத்துக் கட்டில் குழந்தைக்குக் கட்டையன் கதை நடந்தது. நேரம் பார்க்காமல் ஆட்டோ ஓட்டிய தம்பிக்கும், உடம்பு துடைத்துவிட்ட செவிலியர்களுக்கும், செய்தி கேட்டவுடன் துபாயிலிருந்து பறந்து வந்த அந்நாள் பூவரசமரப் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னும் ஒன்று இருக்கிறது. அன்று பிடிபட்ட ஏழு பேரின் வீட்டாரும் இதைப் படிப்பீர்கள். முதல் கட்டு வைக்கோலைப் போட்டவள் நான். மற்றப் பிள்ளைகளைக் கூட்டிப் போனவளும் நான். அக்காவுக்கு அது தெரியும். முகாமுக்குப் புறப்படுமுன் என்னை உட்கார வைத்து, தலையில் சிக்கியிருந்த வைக்கோலை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, இறுக்கிச் சடை பின்னிவிட்டார். பின்னாளில் ஆசிரியப் பயிற்சிக்கு எனக்கு உத்தரவு வந்தது. பேருந்து ஏற்றிவிட வந்தவர் அக்காதான். முப்பது வருடம் நான் வாங்கிய டீச்சர் என்ற பெயர் அவருடையது. நீங்கள் உயிரோடு இருக்கும்போது இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அக்கா.