கடை இல்லாத நாட்டில் ஒரு குடிகாரப் படம்

இந்த ஊரில் சாயங்காலம் ஆறு மணிக்குத் தெருவில் ஒருவர்கூடத் தள்ளாடுவதில்லை. கவிதா, சுந்தர், குவைத்துக்கு வந்த புதிதில் எனக்கு வெயில் அதிசயமில்லை, இதுதான் அதிசயம். வேலை முடிந்து அத்தனை ஆண்களும் நேராக நடந்து வீட்டுக்குப் போனார்கள். பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலாக வந்தது. கம்பி வலைக்குள் கையை விட்டுக் குவார்ட்டர் வாங்குகிற கடை ஒன்றுகூட இல்லாத நாட்டில் மனிதன் எப்படி இருப்பான்?

அதற்காகத்தான் என்னை இங்கே அனுப்பினார்கள். உங்களிடம் வேறு காரணம் சொல்லியிருப்பார்கள். குடிக்க மாட்டேன் என்று மூன்று முறை கோயிலில் கயிறு கட்டினேன். ஒவ்வொரு முறையும் மூன்று மாதக் கெடு. ஒரு நாள்கூடப் பிசகவில்லை. கெடு முடிந்து கயிற்றை அவிழ்த்த அன்றே, அதைக் கொண்டாடக் கூட்டாளிகளோடு கடைக்குப் போனேன். நம் பக்கத்தில் பல பேர் அப்படித்தான். கடைசியில் உங்கள் மாமா சொன்னார்: "கயிறெல்லாம் வேலைக்காவாது. கடையே இல்லாத நாட்டுக்கு ஏத்தி விட்ருவோம். அங்க மச்சான் என்னத்தக் குடிப்பாரு, பெட்ரோலையா?" அம்மா சிரிக்கவில்லை. பெட்டியைக் கட்டினாள்.

இங்கேயும் திருட்டுத்தனமாகக் காய்ச்சுகிறார்கள். பிடிபட்டால் ஜெயில், பிறகு விமானம். அந்தப் பயத்தில்தான் இங்கே ஒன்பது வருஷமாகத் தொடவில்லை. திருந்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள்.

போன வெள்ளிக்கிழமை சுந்தர் ஒரு படம் அனுப்பினான். "அப்பா, நாலு குடிகாரனுங்க, செம காமெடி, பாருங்க." என் அறையில் கூத்தாநல்லூர் பாய் ஒருவர் இருக்கிறார், குடியையே அறியாதவர். அவர் அதை டிவியில் போட்டார். பகல் சாப்பாடு முடித்து எட்டுப் பேர் உட்கார்ந்தோம். முதலில் நானும் சிரித்தேன். பிறகு, படத்தில் அந்த நாலு பேரில் ஒருவனின் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. தகப்பன் போதையில் வந்து சீர்த்தட்டுகளின் மேல் விழுகிறான். வாழைப்பழம் முதுகில் நசுங்குகிறது. அறை முழுக்க ஒரே சிரிப்பு. "ஆளப் பாருங்கண்ணே!" என்று பாய் என் தொடையைத் தட்டினார்.

கட்டடத்துக் காவல்காரர் எகிப்துக்காரர். தண்ணீர் கேன் கொண்டுவந்தவர் வாசலில் நின்று பார்த்தார். "அந்த மனுஷனுக்கு என்ன நோய்? ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் ஏன் சிரிக்கிறீர்கள்?" என்று அரபியில் கேட்டார். அதற்கும் சிரித்தார்கள். நான் எழுந்து டிவியை அணைத்தேன்.

"என்னண்ணே, படந்தானே?"

"அது எங்க வீட்டு விசேஷம் பாய்."

அவருக்கு விளங்கவில்லை. மறுபடியும் போட்டுவிட்டார்.

சுந்தர், உனக்கு அப்போது மூன்று வயது. அக்காவின் சடங்கில் தட்டுகளின் மேல் விழுந்தவன் நான். படத்தில் அந்தப் பெண்ணின் முகத்தைக் காட்டவே இல்லை. காட்டினால் யார் சிரிப்பார்கள்? நான் தரையில் கிடந்தபடி பார்த்தேன். மணையில் உட்கார்ந்திருந்த பிள்ளை தலை குனிந்து, கழுத்து மாலையைப் பூப்பூவாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் படத்தை எடுத்தவனை நான் மன்னிக்க மாட்டேன். பாதிவரை சிரித்த என்னையும்தான்.

அன்றே கவிதாவிடம் போனில் கேட்டேன். "நான் பாக்கலப்பா. தம்பி போட்டான், எந்திரிச்சுப் போயிட்டேன்," என்றாள். பிறகு, "ஆவணியில என் கல்யாணத்துக்கு வந்துட்டு, எப்படிப்பா இருப்பீங்க?" என்றாள்.

போன லீவில் நாற்பது நாள் குடிக்கவில்லை என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாள். ஒன்று அவளுக்குத் தெரியாது. பஸ் ரோட்டில் கடை இருக்கிறது என்று, பக்கத்திலிருக்கும் கீழ்வேளூருக்கு எதற்குப் போனாலும் வாய்க்கால் வரப்போடு சுற்றித்தான் போனேன். "என்ன குவைத்துக்காரரே, ரோடு போட்டு எத்தன வருஷமாச்சு, சேத்துல எறங்கி வர்றீங்க?" என்று நடவுப் பெண்கள் கேலி செய்தார்கள். பயிர் பார்க்க வந்ததாகப் பொய் சொன்னேன். எவன் ஊரிலோ நடுத்தெருவில் தலைநிமிர்ந்து நடக்கிறவன், சொந்த ஊரில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு பதுங்கினேன்.

கல்யாணத்துக்கு வருவேன் கவிதா. சத்தியமெல்லாம் செய்யவில்லை, என் சத்தியம் உனக்குத் தெரியும். பட்டு வேட்டியோடு வரப்பில் இறங்க முடியாது, மண்டபத்துக்கு ரோட்டு வழியாகத்தான் வர வேண்டும். சுந்தர், கடையைத் தாண்டுகிறவரை என் கையை விடாதே. ஊர் சிரிக்கும், சிரிக்கட்டும். பிறந்த ஊரில் வழி தெரியாத வெளிநாட்டுக்காரன் போல உன்னைப் பிடித்துக்கொண்டு நடந்து வருகிறேன்.