கிராணி இல்லையென்ற பாம்பு

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். பாம்புக்கடி ஆராய்ச்சிக்குப் போன நான், மலையேறும் வழியில் கோலா தெர்லாவில் ஒரு பச்சைத் தண்ணீர்க் குழாயைப் பார்த்து வேன் கூரையில் ஏறப் பார்த்தேன். வயது ஐம்பத்திரண்டு, எடையைக் கேட்காதீர்கள். காய்கறித் தோட்டக்காரர் குழாயைச் சுருட்டிக்கொண்டே, "கடிக்காதுக்கா, தண்ணிதான் வரும்" என்றார்.

ஆராய்ச்சி என்னுடையதில்லை. நான் ஈப்போவில் வேன் ஓட்டுகிறவள். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் சமாதானமாகப் பிரிந்துவிட்டோம். டாக்டர் கவிதா என்ற சின்னப் பெண், கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் யார் யாரைப் பாம்பு கடித்தது என்று கேட்டு எழுத என் வேனை எடுத்தார். "ஏழைங்களக் கடிக்குற பாம்ப யாருக்கா எண்ணுறா? எண்ணாட்டி மருந்தும் வராது, வண்டியும் வராது" என்றார்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை 6.15க்கு ஈப்போவை விட்டோம். சிம்பாங் பூலாய் வழியாக பிரிஞ்சாங் எண்பது கிலோமீட்டர் சொச்சம். காலைச் சாப்பாட்டுக்கு நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு, இரண்டு பொட்டலம் ஏழு ரிங்கிட். 8.40க்குத் தோட்டம். (சனிக்கிழமை மட்டும் போகாதீர்கள். பசார் மாலாம் என்ற இரவுச் சந்தைக் கூட்டத்தில் ஸ்ட்ராபெரி மாதிரி உட்கார்ந்த இடத்திலேயே பழுத்துவிடுவீர்கள்.)

கொழுந்து எடை போடும் கொட்டகையில் கணக்கெழுதும் கிராணி நின்றார். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ்.

"எங்க தோட்டத்துல பாம்பே இல்ல டாக்டர். சைபர்னு போட்டுட்டு, டீ குடிக்கப் போங்க."

சுற்றிப் பதினாறு பெண்கள். டாக்டர் கேட்கக் கேட்க, எல்லாரும் தரையைப் பார்த்துத் தலையாட்டினார்கள். சைபர் என்று எழுதிப் போனால் அதோடு முடிந்தது. எனக்கு வாய் அரித்தது.

"பாம்பே இல்லாத தோட்டத்துல எதுக்கு கிராணி இவ்ளோ உசர பூட்ஸ்?"

"சேறுதான்க்கா."

"பத்து நாளா மழையே இல்லலா. தூசிக்குப் பயமா?"

ஒருத்தி சிரித்தாள். சிரித்த அந்த முனியம்மாதான் கையுறையைக் கழற்றினாள். ஆள்காட்டி விரலில் பாதி இல்லை.

"ரெண்டு வருஷமாச்சு. பச்சைப் பாம்பு. செடி மேல எலையோட எலையா கெடந்துச்சு. கிராணி புக்குல முள்ளுக் கீறல்னு இருக்கும். வேல போயிருமேன்னு நானும் வாயத் தெறக்கல. இன்னிக்கு எழுதும்மா. அப்பா பேரோட முழுசா எழுது."

"முனியம்மா, யோசிச்சுப் பேசு" என்றார் கிராணி.

"ரெண்டு வருஷம் யோசிச்சுட்டேன்லா."

கடித்ததும் சாக்குக் கயிற்றால் விரலை இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். பாம்பைக் காட்டினால்தான் ஆஸ்பத்திரியில் மருந்து தருவார்கள் என்று எல்லாருக்கும் நினைப்பு. அதனால் புருஷன் ஒன்றரை மணி நேரம் தேயிலைக்குள் பாம்பைத் தேட, இவள் வரப்பில் காத்திருந்தாள். டாக்டர் விரலைத் தடவிப் பார்த்தார். "அந்தக் கட்டுதான்க்கா வெரலக் கொண்டு போயிருக்கும். பாம்ப யாரும் கேக்க மாட்டாங்க. நீங்க வந்தாப் போதும்."

"பாம்புன்னு யார் பாத்தா?" என்றார் கிராணி, விடாமல்.

முனியம்மா லயத்து வீட்டுக்குப் போனாள். புருஷன் அன்றைக்கே தேடி அடித்து, சம்சு சாராயத்தில் ஊறப்போட்டிருந்த பாம்பை ஜாடியோடு கொண்டுவந்து தராசில் வைத்தாள்.

"எடை போட்டுக்குங்க கிராணி."

அப்புறம் ஒவ்வொரு கையுறையாகக் கழன்றது. மதியத்துக்குள் ஏழு படிவம். கிராணிக்கு அவசரமாகப் போன் வந்தது. எனக்கு மணிச் சத்தம் கேட்கவில்லை.

மலைக்குப் போகிறவர்களுக்கு: போட்டோவுக்காகத் தேயிலைச் செடிக்குள் வெறுங்கையை விடாதீர்கள். கடித்தால் கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். மோதிரம், வளையலைக் கழற்றி, கையை அசைக்காமல் நேராக தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பாம்பைத் தேடாதீர்கள். ஆனால் பாம்பு என்று சத்தமாகச் சொல்லி எழுத வையுங்கள். முள் என்று யாராவது எழுதினால் பேனாவைப் பிடுங்குங்கள்.

ஜாடியை டாக்டரிடமே சாட்சிக்குக் கொடுத்துவிட்டாள் முனியம்மா. 3.10க்கு இறங்கினோம். நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறவள். கம்போங் ராஜா தாண்டி ஒரு வளைவில் ஜாடி உருண்டு மூடி திறந்து, சாராயம் வேனெல்லாம் கொட்டியது. படிவங்கள் டாக்டர் மடியில் நனையாமல் இருந்தன. 4.50க்கு சிம்பாங் பூலாயில் போலீஸ் மறித்தது. வேனுக்குள் மோந்து பார்த்தவர் ஊதச் சொன்னார். ஊதினேன். சைபர். இறங்கிப் பின்கதவைத் திறக்கச் சொன்னார். செருப்பை மாட்டினேன். பாம்பு இடது செருப்பில் இருந்தது.