அறுந்த முத்திரைக்கு ஆல்வின் கேட்ட விளக்கம்

அன்னூர் ஆல்வினைப் பற்றி வேறு யாரும் எழுதப் போவதில்லை. அதனால் சிங்காநல்லூரில் பம்ப் பட்டறை வைத்திருக்கும் சுந்தரராஜுலுவாகிய நான் எழுதுகிறேன். எனக்குக் கோபம் எப்போதும் ஓர் அடி முன்னால் வரும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

பாலிடெக்னிக்கில் இருவரும் ஒரே பெஞ்ச். அவன் அப்பா சின்னான், தோட்டத்துக் கூலியாளாக இருந்து காலமானவர். அம்மா காளியாத்தாள் அன்னூர் வீட்டில் இருக்கிறார். ஆல்வினுக்கு, பல நாடுகள் சேர்ந்து நடத்தும் அணுசக்தி ஆய்வுக் குழுவில் டெக்னீஷியன் வேலை. உலகமே பகையாளி என்று ஒதுக்கி வைத்த ஒரு நாட்டுக்கு அடிக்கடி போவான். நாட்டின் பெயரை எழுதினால் அவன் வேலைக்கு உலை வைத்தவன் ஆவேன், வேண்டாம். அங்கே ஓர் ஆலையில், யுரேனியம் பீப்பாய்களை அடுக்கிய ஓர் அறை. அறைக்குள் ஆய்வுக் குழுவின் கேமரா. கதவில் கம்பி கட்டி முத்திரை. முத்திரை அறுபடவில்லை, பீப்பாய் குறையவில்லை என்று பார்த்து எழுதிவிட்டு வர வேண்டும்.

"பூட்டை ஆட்டிப் பாக்கறதுக்கா பிளேன் ஏறிப் போற?" என்று கேலி செய்வேன்.

"ஆமாப்பா. ஆட்டிப் பாக்கறதுக்கு ஆள் இருக்கற வரைக்கும் குண்டு போடறதுக்கு ஆள் வராது" என்பான்.

எனக்கு அந்த நாட்டைக் கண்டாலே ஆகாது. பக்கத்து நாட்டை அழிப்பேன் என்று மேடை போட்டுக் கத்துகிறவர்கள், ஒருமுறை பொய் சொல்லி மாட்டிக்கொண்டவர்கள். அவர்களோடு என்ன பேச்சு? முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும் என்று சண்டைக்கு நிற்பேன்.

"பொய் சொல்றவன்னு தெரிஞ்சுதானே கேமரா வெச்சிருக்குது ராஜு. நம்பிக்கை இருந்தா நா எதுக்கு அங்க? ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு சும்மாவா சொன்னாங்க" என்பான்.

அந்த ஆலைப் பொறியாளர் ஒருவரை அவனுக்குப் பிடிக்கும். உண்மைப் பெயரைச் சொல்ல மாட்டான். எங்கள் பாலிடெக்னிக் லேப் உதவியாளர் கண்ணையாவின் மீசை அந்த ஆளுக்கும் இருந்ததால், எங்கள் பேச்சில் அவர் கண்ணையா ஆனார். ஒவ்வொரு முறையும் அறைக் கதவைத் திறந்து விடுகிறவர் அவர்தான்.

போன வருடம் பெரிய நாடுகளுக்கும் அந்த நாட்டுக்கும் பேச்சுவார்த்தை கனிந்து, ஒப்பந்தம் கையெழுத்தாகும் நிலைக்கு வந்திருந்தது. அந்தச் சமயம் பார்த்து ஆல்வின் போனபோது முத்திரைக் கம்பி அறுந்து தொங்கியது. குழுத் தலைவர் குதித்தார். திருடிவிட்டார்கள் என்று உடனே எழுது என்றார்.

அன்னூர்ப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பக்கத்துத் தோட்டத்து மாடு நம் சோளத்தில் மேய்ந்துவிட்டால் கோபக்காரன் அதைப் பஞ்சாயத்தின் மாட்டுப் பவுண்டில் அடைத்து அபராதம் கட்ட வைப்பான். இரண்டு குடும்பமும் அத்தோடு ஜென்மப் பகை. விவரமானவன் மாட்டைத் தன் வீட்டிலேயே கட்டி, தண்ணி காட்டிவிட்டு, சொல்லி அனுப்புவான்: "உங்க மாடு இங்க நிக்குதுங்க, வந்து புடிச்சுட்டுப் போங்க." மேய்ந்ததை யாரும் மறைப்பதில்லை. மாட்டுக்காரன் தானே வந்து நஷ்டத்தைப் பேசுவதற்கு வழி விடுகிறார்கள், அவ்வளவுதான். அந்தச் சேதியைக் கொண்டுபோய் இரு பக்கமும் திட்டு வாங்கியவர் ஆல்வினின் அப்பா.

மகனும் அதையே செய்தான். கண்ணையாவிடம் ஆங்கிலத்தில்தான் சொன்னான். அவன் ஆங்கிலத்திலும் 'ங்க' கேட்கும் என்று நான் பந்தயம் கட்டுவேன். "கம்பி அறுந்திருக்கு. அதை எழுதத்தான் போறேன். நீங்க சொல்றதையும் பக்கத்துலயே எழுதறேன். சாயங்காலம் வரைக்கும் இங்கயே உக்காந்திருக்கேன்."

அறைக்குள் இருந்த குழுவின் கேமராவுக்குக் கதவின் வெளிப்பக்கம் தெரியாது. வெளியே அந்த நாட்டின் சொந்தக் கேமரா ஒன்று இருந்தது. அதன் படத்தை அவர்கள் எந்த வெளியாளுக்கும் காட்டியதில்லை. கண்ணையா மேலிடத்தைக் கேட்கவில்லை. கேட்டால் கிடைக்காது என்று அவருக்குத் தெரியும். சாயங்காலம் வேர்த்து விறுவிறுத்து வந்து படத்தைப் போட்டுக் காட்டினார். பாரம் தூக்கும் வண்டியின் கை, முத்திரைக் கம்பியில் மாட்டி இழுத்திருந்தது. பிறகு கதவைத் திறந்தார். ஆல்வின் எண்ணினான். பீப்பாய் ஒன்றும் குறையவில்லை. அறுந்ததையும் எழுதினான், காரணத்தையும் எழுதினான்.

பாழாய்ப்போன அரசியல்வாதிகள் அதில் முதல் பாதியை மட்டும் டிவியில் படித்தார்கள். முத்திரை அறுந்தது, முத்திரை அறுந்தது என்று ஒரே கூச்சல். பேச்சுவார்த்தை முறிந்தது. அந்த நாடும் முறுக்கிக்கொண்டு ஆய்வுக் குழுவை வெளியே போகச் சொன்னது. ஆல்வின் ஊர் வந்து சேர்ந்த சில நாட்களில் அந்த ஆலையின் மேல் குண்டு விழுந்தது.

நான் அன்னூருக்குப் போனேன். அவன் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"உடுப்பா. தொல்லை ஒழிஞ்சுது, எல்லாம் மண்ணோட மண்ணாப் போச்சு" என்றேன்.

"எது போச்சு? நாங்க வெளிய வந்த மறுநாளே பீப்பாயெல்லாம் வேற எடத்துக்குக் கொண்டு போயிட்டாங்களாமா. எங்கேன்னு ஒருத்தருக்கும் தெரியாது. அந்தப் பொய்க்காரன் ஊட்டுல என்ன இருக்குதுன்னு இத்தன வருசமா எனக்குத் தெரிஞ்சிருந்துச்சு ராஜு. இப்ப கடவுளுக்குத்தான் தெரியும்."

அப்போது அவன் போன் அடித்தது. கூட வேலை பார்த்தவர் பேசினார். ஆல்வின் கேட்டுக்கொண்டே இருந்தான். போனை வைத்துவிட்டுச் சொன்னான். கண்ணையாவைப் பிடித்துவிட்டார்கள். வெளியாளுக்குப் படம் காட்டிய உளவாளி என்று அவர்கள் டிவியிலேயே சொல்லிவிட்டார்களாம். அங்கே அதற்குத் தண்டனை தூக்கு.

"நாந்தானே கேட்டேன். எழுதறேன்னு சொல்லி நாந்தானே காட்ட வெச்சேன்" என்றான்.

 

காளியாத்தாள் உள்ளேயிருந்து வந்தார். விஷயத்தைச் சொன்னேன். மகன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏங்கண்ணு, நாளைக்கு ரெண்டு பக்கமும் சமாதானமாயி உன்னய மறுபடியும் கூப்புட்டா போவியா?"

"போவேன்மா."

"போனா, அங்க யாரு சாமி உனக்குக் கதவு தொறப்பாங்க?"

"எனக்குத் தொறந்து விட்டவன் ஒருத்தந்தாம்மா" என்று சொல்லிவிட்டு ஆல்வின் அழுதான். நான் எழுந்து டிவியை நிறுத்தினேன்.