கொட்டகைக்குள் ஓடிய சிதம்பரம் வண்டி

பள்ளியில் பூகோளம் எடுத்து நான் ஓய்வு பெற்றபோது, மஸ்கட்டில் இருக்கும் மகன் என்ன வேண்டும் என்று கேட்டான். பொம்மை ரயில் என்றேன். உடனே போனை அப்பாவிடம் கொடுக்கச் சொன்னான், எனக்கு உடம்பு சரியாக இருக்கிறதா என்று விசாரிக்க.

அந்த அப்பா, அதாவது என் கணவர், ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பதவியை யாரிடமும் ஒப்படைக்காதவர். பார்சலைப் பிரித்ததும் எஞ்சினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எஞ்சினா? இதவிட பெரிய பூட்ட நான் கேட்டுக்குப் போட்டிருக்கேன்."

கடலூரில் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் ஒரு தகரக் கொட்டகை. ஓடாத மோட்டார், காய்ந்துபோன பெயிண்ட் டின், ஒற்றைச் சக்கரம் என்று, என்றைக்காவது தேவைப்படும் என அவர் சேர்த்த செல்வம் அதில் இருந்தது. அவர் பண்ருட்டிக்குக் கல்யாணத்துக்குப் போன நாளில் பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டேன். திரும்பி வந்தவர் சில நாள் பேசவில்லை. அந்த அமைதியில் வேலை நன்றாக நடந்தது.

காலியான கொட்டகையில் பழைய கதவு ஒன்றைச் செங்கல் மேல் படுக்கவைத்துத் தண்டவாளத்தைப் பொருத்தினேன். ஒரு முனை கடலூர், மறுமுனை சிதம்பரம், இரண்டும் அட்டையில் செய்தவை. நடுவே வெள்ளாற்றுக்கு நீல பெயிண்ட், அதன்மேல் தீக்குச்சிப் பாலம். செய்தித்தாளை மைதாப் பசையில் தோய்த்து ஒரு மலை, அதைக் குடைந்து ஒரு குகை.

மலையைக் கண்டதும் அவருக்குப் பேச்சு வந்துவிட்டது.

"சிதம்பரம் போற வழியில மலை எங்க இருக்கு? நீ பூகோளம் எடுத்தவதான?"

"பெட்டி மேல போட்ட படத்துல இருக்கே."

"நான் இந்த லைன்லயே வேலை பாத்தவன்."

"அப்ப நீங்க சரியா கவனிக்கல."

மறுநாள் காலை மலை இல்லை. மைதா ருசி கண்ட எலிகள் வரைபடத்தைத் திருத்திவிட்டிருந்தன. மகன் இன்ஜினியரிங் பாஸ் செய்தபோதுகூட அவர் முகத்தில் அப்படியொரு திருப்தியை நான் பார்த்ததில்லை.

திறப்பு விழாவுக்குச் சிதம்பரத்திலிருந்து என் தம்பி வந்தான். கத்திரி வெயில், உச்சி வேளை, தகரக் கூரை. நேரம் குறித்துக் கொடுத்தது என் கணவர். வண்டி கடலூரை விட்டுக் கம்பீரமாகக் கிளம்பி, பாலத்துக்கு முன்னாலேயே தடம் புரண்டு மல்லாந்தது. சூட்டில் தண்டவாளம் நீண்டு நெளிந்திருந்தது. இணைப்புகளில் இடைவெளி விட வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்தவர் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

"ஏன் மாமா, இத முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றான் தம்பி.

"உங்க அக்கா கேட்டாளா? கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

மலையைப் பற்றி மட்டும் யார் கேட்டார்களாம்?

மூன்று பேருமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் கழற்றி, இடைவெளி விட்டு மறுபடி பொருத்தினோம். வெயில் தாழ்ந்ததும் கன்ட்ரோலரை அவர் எடுத்துக்கொண்டார். சோதனை ஓட்டமாம். வண்டி நன்றாகத்தான் போனது. பாலத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

"ஏங்க நிறுத்திட்டீங்க?"

"கிராசிங். எதிர்ல ஒரு வண்டி வரணும்."

"எந்த வண்டி மாமா? இருக்கறதே ஒண்ணுதான?"

"ரூல்னா ரூல்தான்."

காத்திருந்தோம். தம்பி மோர் குடித்து முடித்தான். கொசுக்கள் வந்தன, எதிர்வண்டி வரவில்லை. நான் கன்ட்ரோலரைப் பிடுங்கி விசையைத் திருப்பினேன். வண்டி தீக்குச்சிப் பாலத்தைக் கடகடவென்று கடந்து சிதம்பரத்தில் போய் நின்றது. தம்பி கை தட்டினான். அட்டையில் செய்த ஊருக்கு வண்டி வந்ததற்கெல்லாம் ஒருத்திக்குக் கண் கலங்குமா? எனக்குக் கலங்கியது. நான் சிக்னலை மீறிய குற்றத்துக்காக அவர் கோபித்துக்கொண்டு எழுந்து போனார்.

மறுநாள் காலை காபியோடு தேடினால், ஆள் கொட்டகையில் இருக்கிறார். சிதம்பரத்தில் பிளாட்பாரம் நீளம் போதாதாம், கடைசிப் பெட்டிக்காரர்கள் எப்படி இறங்குவார்களாம். துணி வெட்ட நான் பத்திரமாக வைத்திருந்த கத்தரிக்கோலால் அட்டையை நறுக்கிக்கொண்டிருந்தார்.