வேப்பமரத்தடிப் பச்சை

நான் லேசுல எதையும் நம்புறவ இல்ல. டாக்டர் சிரிச்சா நம்ப மாட்டேன். கடைக்காரர் விலையைக் குறைச்சா நம்ப மாட்டேன். வேலையத்துப் போய் வீடு தேடி வந்து "நல்லா இருக்கீகளா"ன்னு கேக்குற சொந்தக்காரங்களைச் சுத்தமா நம்ப மாட்டேன். எங்க வீட்டுக்காரரு, "நீ போலீஸ்ல சேந்திருந்தா விருதுநகர் ஜில்லாவுல ஒருத்தனும் வெளிய நடமாட முடியாது"ன்னு கேலி பண்ணுவாரு. பண்ணிட்டுப் போகட்டும்.

தாயில்பட்டிக்கு அந்தப்பக்கம் எங்களுக்கு ஒரு பட்டாசுக் கம்பெனி இருக்கு. லைசென்ஸ் எம் பேர்ல. வீட்டுக்காரருக்கு நெஞ்சுல ஆபரேஷன் ஆனதுக்கப்புறம் அவரு சிவகாசி வீட்டை விட்டு அதிகம் வெளிய வாரதில்ல. கம்பெனியை என் தம்பிதான் பாக்கான். பேரு எனக்கு, நாட்டாமை அவனுக்கு. "நீ கையெழுத்தைப் போடு, மிச்சத்தை நாங்க பாத்துக்கிறோம்"னு ரெண்டு பேரும் சொல்லிட்டாக. வெடிமருந்து கலக்குறதும் ஆர்டர் பிடிக்கிறதும் எனக்கு என்ன தெரியும்? ஆனா கையெழுத்துப் போட்டவ நான்தானே. அங்க வேலை பாக்குற ஒருத்திக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவ பிள்ளைக எம் மூஞ்சியத்தான் பாக்கும்.

அதனால எனக்குத் தெரிஞ்சதை நான் பிடிச்சுக்கிட்டேன். புல்லு.

பட்டாசுக் கம்பெனின்னா பெரிய கட்டடம்னு வெளியூர்க்காரங்க நினைப்பாங்க. அப்படி இல்ல. கரிசக்காட்டுல சின்னச் சின்ன ரூமா, ஒண்ணுக்கொண்ணு தள்ளித் தள்ளிக் கட்டியிருக்கும். ஒரு ரூமுக்குள்ள இத்தனை பேர்தான் உக்காரலாம்னு கதவுலயே எழுதியிருக்கும். நடுவுல பூரா வெட்டவெளி. மழை பேஞ்சதும் அங்க ஊசிப்புல்லு முழங்கால் உசரத்துக்கு வளந்து, பங்குனி வெயில்ல காஞ்சு நிக்கும். ஒரு பொறி விழுந்தாப் போதும், இந்த ரூம்ல இருந்து அந்த ரூமுக்குத் தீயைக் கூட்டிட்டுப் போயிரும். ஒருக்க ரோட்டோரம் எவனோ போட்டுட்டுப் போன பீடியில பிடிச்ச தீ, எங்க வேலி வரைக்கும் ஊந்து வந்துச்சு. ஈரச்சாக்கைப் போட்டு அடிச்சு அணைச்சாக. அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கல.

சுரண்டி எடுத்துட்டா மறு மழைக்குத் திரும்ப வரும். அதுக்குத்தான் அருகம்புல்லு. தரையோட தரையாப் படரும், லேசா ஈரம் காட்டுனாப் பச்சையா நிக்கும், ஒருதடவை வேர் பிடிச்சுட்டா வேற புல்லுக்கு இடம் குடுக்காது. நான் ஆமத்தூர்ப் பக்கம் பருத்தி விவசாயம் பாத்த வீட்டுப் பொண்ணு. எங்க ஐயா ஆயுசு பூரா அருகம்புல்லோட மல்லுக்கட்டுனாரு, பிடுங்கிப் பிடுங்கி வரப்புல எறிஞ்சாரு. அவரு மக நான் அதைச் சாக்குல கட்டிட்டு வந்து கணுக்கணுவா நறுக்கி நட்டுட்டு இருந்தேன். என் தம்பி பாத்துட்டு, "ஐயா மட்டும் இருந்தா உன்னை விளக்குமாத்தால அடிப்பாரு"ன்னான்.

"சிரி, சிரி. இன்ஸ்பெக்ஷன் வர்றப்ப நல்ல பேரு வாங்குறவன் நீதானலே"ன்னேன்.

நடுறது பெரிய காரியம் இல்ல. காவக் காக்குறதுதான் காரியம். மம்பட்டி போட்டாக் கல்லுல பட்டுப் பொறி பறக்கும்னு உள்ள இரும்பே எடுத்துட்டுப் போகக் கூடாது. அதனால நெருஞ்சியையும் ஊசிப்புல்லையும் பூ வைக்கிறதுக்கு முந்தியே கையாலதான் பிடுங்கணும். கோரை இருக்கே, அது பெரிய கள்ளன். அருகு மாதிரியே தலையைக் காட்டி அதுக்குள்ளயே கலந்து நிக்கும். வாரத்துல ரெண்டு நாள் கார்ல போயி, செல்போனை வாசல் கேட்டுலயே குடுத்துட்டு, குனிஞ்சு குனிஞ்சு அதைத் தேடிப் பிடுங்குவேன். வாட்ச்மேன் தண்ணி ஊத்துறேன்னு சொன்னா மண்ணுக்குள்ள விரலை விட்டுப் பாத்துட்டுத்தான் நம்புவேன். யாராவது ஆட்டுக்கு அறுத்துட்டுப் போறாகளோன்னு சாயங்காலம் வெளிய போறவக கூடையை எட்டிப் பாப்பேன். அதுக்கு அந்தப் பொம்பளைக என்னைத் திட்டியிருப்பாக. திட்டட்டும்.

ரெண்டாம் வருஷம் ஆபீஸ் ரூமைச் சுத்தி நல்லாப் படந்துருச்சு. மத்த இடத்துல திட்டுத் திட்டாத்தான். ஆனா கடைசி வரிசை ரூமுக்குப் பின்னால ஒரு வேப்பமரம் நிக்கும். அதுக்குக் கீழ போயிப் பாத்தா, அடேயப்பா! கறுகறுன்னு ஒரு பச்சை. ஆடி மாசத்துக் காத்துல மத்த இடமெல்லாம் வாடி நிக்கிது, அங்க மட்டும் கால் வச்சா மெத்துன்னு இருக்கு. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. தம்பியைக் கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிக் காட்டுனேன்.

"ஆமாக்கா, நல்லாத்தான் இருக்கு. வா, வெயில்ல நிக்காத"ன்னான்.

மரத்து நெழல்ல நிக்கிறவளைப் பாத்து வெயில்ல நிக்காதங்கான். அங்கதான் எனக்குச் சுருக்குன்னுச்சு.

வீட்டுக்கு வந்து யோசிச்சேன். அருகு வெயில்ல வளர்ற புல்லு. வேப்பமர நெழல்ல அது நோஞ்சானாத்தான் நிக்கணும். அங்க நான் நட்டதே ஏனோதானோன்னுதான். தண்ணி யாரு ஊத்துறா? ஓஸ் பைப்பு அம்புட்டுத் தூரம் எட்டாது. வாட்ச்மேனைக் கேட்டா, "நான் அங்கன போறதே இல்லம்மா"ன்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. போறதில்லைன்னு சொல்றதுக்கு எதுக்குத் தலையைக் குனியணும்?

அடுத்த தடவை போனப்ப அந்தப் புல்லை உக்காந்து பாத்தேன். அங்கங்க அமுங்கிக் கிடந்துச்சு, ஆளுக வரிசையா உக்காந்து எந்திரிச்ச மாதிரி. சாப்பிடுற கொட்டகை கேட்டுக்கிட்ட இருக்கு, இம்புட்டுத் தூரம் யாரும் சாப்பிட வர மாட்டாக. புல்லைத் தடவிட்டுக் கையப் பாத்தா உள்ளங்கையில மினுமினுன்னு வெள்ளியா ஒட்டிக்கிட்டு வருது. சில்வர் பவுடர். மத்தாப்புலயும் புஸ்வாணத்துலயும் வெளிச்சத்துக்குச் சேக்குறது. அது ரூமுக்குள்ள இருக்க வேண்டிய சரக்கு.

அப்பத்தான் அந்தப் பச்சைக்கும் காரணம் புரிஞ்சுச்சு. பருத்திக்கு எங்க ஐயா உரக்கடையில ஒரு வெள்ளை உப்பு வாங்கித் தண்ணியில கரைச்சுத் தெளிப்பாரு. பட்டாசுக்குப் போடுற வெடியுப்பும் அதுவும் ஒண்ணுதான். மருந்து பிசைஞ்ச கையைக் கழுவுன தண்ணியைத் தினம் அங்க ஊத்துறாக. என் புல்லுக்கு உரம் அதுதான்! அதைத்தான் நான் பவுசாப் பாத்துட்டு நின்னுருக்கேன். 

ஆனா நான் போற நாள்ல அங்க ஒரு ஈ காக்கா கூட இல்லையே, எப்படி? அதுவும் யோசிக்க யோசிக்கத் தெரிஞ்சுச்சு. கார் கேட்டுக்கு வந்ததும் வாட்ச்மேன் ஒரு மணி அடிப்பாரு. எனக்கு மரியாதைன்னு நினைச்சுட்டு இருந்தேன். மரத்தடி ஆளுகளை ரூமுக்குள்ள அனுப்புறதுக்கு அடிச்ச மணி அது. நானே! எவரையும் நம்பாத நான் அந்த மணியை நம்பியிருக்கேன்.

மறுநாள் கார் எடுக்கல. வீட்டுக்காரர்கிட்ட கோயிலுக்குன்னு சொல்லிட்டு டவுன்பஸ் ஏறி, தாயில்பட்டியில இறங்கி, முக்காடு போட்டுக்கிட்டு நடந்தேன். வேலைக்கு வார ஆளுன்னு நினைச்சு வாட்ச்மேன் நிமிந்து கூடப் பாக்கல.

மரத்தடியில சாக்கு விரிச்சு வரிசையாப் பொம்பளைக. நடுவுல மருந்துக் குவியல், பக்கத்துல நிரப்பி வச்ச புஸ்வாணக் குழாய்க. எல்லாருக்கும் முழங்கை வரைக்கும் வெள்ளி. ஒருத்தி தண்ணிப் பேசினுக்குள்ள கையை அலசித் தண்ணியை அப்படியே புல்லுல வீசுனா.

எனக்கு வாய் பெருசு, தெருவுக்கே தெரியும். அன்னைக்கு மட்டும் சத்தம் போட முடியல. நான் ஒரு கத்துக் கத்தி, பதறி எந்திரிச்சு ஒருத்தி எதையாவது தட்டிவிட்டா? பிள்ளையை எழுப்புற மாதிரி சொன்னேன்: "எல்லாரும் கையில இருக்கிறதை மெதுவாக் கீழ வையுங்கம்மா. மெதுவா எந்திரிச்சு அந்தப் பக்கம் வாங்க. ஒண்ணும் அவசரமில்ல."

எல்லாரும் தள்ளி வந்தப்புறம், "ஏம்மா, ரூம் எதுக்கு இருக்கு? உசுரு மேல ஆசை இல்லையா உங்களுக்கு?"ன்னு கேட்டேன்.

கை அலசுனவ என்னைப் புரியாமப் பாத்தா. "நீங்கதானேம்மா எங்களுக்கு உக்காரன்னு புல்லு வளத்துக் குடுத்தீக? உங்க தம்பி அப்படித்தானே சொன்னாரு?"

என்னைப் பெத்தவளே! செருப்பால அடிச்சிருந்தாக் கூட அப்படி வலிச்சிருக்காது.

தம்பி ஓடி வந்தான். ஆபீஸ் ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போனேன். "தீபாவளி சீசன்க்கா. வடக்க இருந்து ஆர்டர் கழுத்தைப் பிடிக்கி. ரூம்ல இத்தனை பேர்தான்னா லோடு எப்ப ஏத்துறது? உள்ள வெக்கை வேற. காத்தாட இருக்கட்டுமேன்னுதான். எல்லாக் கம்பெனியிலயுமா சட்டப்படி நடக்கு?"ன்னான்.

"மத்தவன் கம்பெனியில எவன் கையெழுத்தோ இருக்கும்லே. இதுல என் கையெழுத்து இருக்கு."

"நீ புல்லு வளத்தாப் புல்லை மட்டும் பாருக்கா."

 போர்மேனைக் கூப்பிட்டு, மருந்தை முறையா எடுத்து உள்ள வைக்கிற வரைக்கும் கூடவே நின்னேன். அப்புறம் ஆபீஸ்ல கிடந்த பிளாஸ்டிக் சேரைத் தூக்கிட்டுப் போயி அந்த மரத்தடியில போட்டு உக்காந்துட்டேன். பொம்பளைக போகவும் வரவும் என்னை முறைச்சாக. "இவுக உக்காந்துட்டா இன்னைக்கு நமக்கு அரைக்கூலிதான்"னு ஒருத்தி எங் காது கேக்கவே சொன்னா. அவ சொன்னதும் நியாயந்தான், சீசனை விட்டா அவளுக்கு வேலை ஏது? அந்தக் கூலியை நான் குடுத்துக்கிறேன்னு சொல்லிவிட்டேன். கம்பெனி மூடுற வரைக்கும் நான் எந்திரிக்கவே இல்ல.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். எங்க வீட்டுக்காரரு டிவியில கிரிக்கெட் பாத்துட்டு இருந்தாரு. எனக்கு ஆத்திரம், அழுகை, எல்லாம் சேந்து வருது. நெஞ்சு ஆபரேஷன் பண்ணுன மனுசன், பக்குவமாச் சொல்லணுமேன்னு பக்கத்துல உக்காந்து ஒண்ணொண்ணாச் சொன்னேன். மரத்தடியில வச்சு மருந்து நிரப்புறாகங்க, உங்க மச்சினன் பாத்த வேலையப் பாத்தீகளான்னு கேட்டேன்.

அவரு டிவியில இருந்து கண்ணை எடுக்கல.

"வேப்பமரத்தடி மட்டுந்தானா, இல்ல கம்பெனிக் கிணத்தடிப் புளியமரத்துக்கும் போனியா?"ன்னாரு.

கேட்டுட்டுத்தான் என்ன கேட்டோம்னு அவருக்கே தெரிஞ்சுச்சு. திரும்பி எம் மூஞ்சியப் பாத்தாரு. நான் எந்திரிச்சுப் போயி தம்பிக்குப் போன் போட்டேன். நாளைக்குக் கம்பெனி கிடையாது, நான் சொல்ற வரைக்கும் கேட்டைத் திறக்கக் கூடாதுன்னேன்.

 "என்னக்கா நீயா முடிவெடுக்க? அத்தான்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"ன்னான்.

"கேட்டுட்டுத்தாம்லே பேசுறேன்"னேன்.