டூட்டி அக்காவின் ஷீட்

பஸ் கம்பெனி ஆபீசில் அவருக்கு டூட்டி அக்கா என்றுதான் பெயர். முந்நூற்று நாற்பது டிரைவர்களுக்கு வாராவாரம் டூட்டி போடுகிறவர். பத்தொன்பது வருஷமாகக் கம்ப்யூட்டரில் ஒரே எக்செல் ஷீட், அதில் அவரே யோசித்து யோசித்துச் சேர்த்த ஃபார்முலாக்கள். ஒருவர் லீவு சொன்னால் ஒரு கட்டத்தை மாற்ற வேண்டும். மாற்றினால் ஷீட் முழுக்க மறுபடி கணக்குப் போட நாலு நிமிஷம். காலையில் பத்துப் பேர் லீவு சொல்லிவிட்டால் அக்கா பாடு திண்டாட்டம்தான்.

மேனேஜர் ஒருநாள் புதுக் கம்ப்யூட்டரை அவர் மேஜையில் வைத்தார். "பிராசசர்ல பதினாறு கோர் இருக்குக்கா, பதினாறு பேர் சேர்ந்து வேலை பாக்கற மாதிரி. பழசுல நாலுதான். இனி கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள முடிஞ்சிடும்."

அக்கா ஒரு கட்டத்தை மாற்றிவிட்டு செல்போனில் நேரம் பார்த்தார். மூணு நிமிஷம் ஐம்பது செகண்ட்.

"அப்ப உங்க ஷீட்லதான் கோளாறு," என்றார் மேனேஜர்.

சுருக்கென்றது அக்காவுக்கு. மேனேஜர் போனதும், கோர்கள் என்ன செய்கின்றன என்று காட்டும் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இன்னொரு தடவை ஓட்டினார். எப்போது பார்த்தாலும் ஒரே ஒரு கோருக்குத்தான் வேலை. மற்ற பதினைந்தும் ஹாயாக இருந்தன. ஒரு கட்டத்தின் விடை வந்தால்தான் அடுத்த கட்டம் நகரும். எத்தனை பேர் நின்று என்ன, வரிசையில் ஒருவர்தானே போக முடியும்?

மாடியில் டிரைவர்களுக்குப் பயிற்சி வீடியோ செய்பவரிடம் இருந்த கம்ப்யூட்டரில் ஆறே கோர், ஆனால் ஒவ்வொன்றும் வேகம். அதில் ஷீட்டை ஓட்டிப் பார்த்தார். இரண்டு நிமிஷம் பத்து செகண்ட். வீடியோக்காரர் தன் வீடியோவைக் கீழே கொண்டுவந்து புதுசில் போட்டார். நாற்பது நிமிஷ வேலையைப் பதினாறு கோரும் பங்கு போட்டுக்கொண்டு பதினேழில் முடித்தன. இரண்டு பேரும் கம்ப்யூட்டரை மாற்றிக்கொண்டார்கள்.

"அப்ப நான் வாங்கினது வீணாப் போகலைல்ல?" மேனேஜர் கேட்டார்.

"போகலை சார். மேஜைதான் மாறிப்போச்சு."

ஆனாலும் கோளாறு என்ற சொல் அக்காவை விடவில்லை. ஒரு வாரம் ஃபார்முலாக்களை ஒவ்வொன்றாகக் கிளறினார். ரிட்டயர் ஆனவர்கள், வேலையை விட்டுப் போனவர்கள் என்று எழுநூறு பேர் இன்னமும் ஷீட்டில் இருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் அவர்களையும் சேர்த்துத் தேடிக்கொண்டிருந்தது அது. அவர்களைத் தனி ஷீட்டுக்கு அனுப்பினார். மறுபடி ஓட்டிப் பார்த்தார். முப்பத்தெட்டு செகண்ட்.

மறைத்திருக்கலாம். நேராக மேனேஜர் அறைக்குப் போனார்.

"ஷீட்லயும் கோளாறு இருந்துச்சு சார். சரி பண்ணிட்டேன்."

"நம்ம மத்த டிப்போவுக்கும் இந்த ஷீட்டையே அனுப்பிடுங்கக்கா," என்றார் மேனேஜர்.