உடையாத நிழல்

இதை நம்பித்தான் ஆக வேண்டும் என்று யாரையும் வற்புறுத்த மாட்டேன். என் கணவர் அருண்ராஜே இன்றுவரை நம்பவில்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான். கனவில்லை, இருட்டில்லை. பட்டப்பகலில், நல்ல வெயிலில், என் மகள் பக்கத்தில் இருக்கும்போது பார்த்தேன்.

2003, அக்டோபர் மாதம். புனேயில் விமான் நகருக்கு நாங்கள் குடிவந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அருண்ராஜுக்கு ஊரின் மறுகோடியில், ஹிஞ்சேவாடியில் வேலை. காலையில் கம்பெனி வண்டி ஏறினால் இருட்டிய பிறகுதான் வருவார். கோயம்புத்தூரில் கல்லூரியில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்த நான் வேலையை விட்டுவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். அதனால், மகள் வைஷாலியின் பள்ளியில் அறிவியல் கண்காட்சி என்றதும் அவளைவிட எனக்குத்தான் உற்சாகம் அதிகம். 'தண்ணீரில் நிழல் ஏன் உடைகிறது' என்ற தலைப்பை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

எங்கள் குடியிருப்பில் ஒரு நீச்சல் குளம் இருந்தது. காலையில் மட்டும் திறப்பார்கள். மதியம் போட்டோ எடுத்துக்கொள்ள அனுமதி வேண்டுமே என்று கீழ்வீட்டுச் சந்திரிகாவிடம் கேட்டேன். புனேயிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். அப்பா தேஹு ரோடு ராணுவக் கிடங்கில் இருந்தவர். கணவர்தான் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். சந்திரிகா சாவியை எடுத்து வந்தார். உடனே கொடுக்கவில்லை.

"ஓரமா நின்னு செய்ங்க. தண்ணில எறங்க வேணாம்."

சரி என்றேன். அவ்வளவுதான் பேச்சு.

மூன்றரை மணிக்குப் போனோம். குளத்தில் ஆளில்லை. வெயில் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. தண்ணீர் கண்ணாடி மாதிரி. அடியில் வெளிர்நீல ஓடுகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. குளம் சுத்தம் செய்யும் நீளமான அலுமினியக் கம்பு ஒன்று சுவரோரம் கிடந்தது. அதை எடுத்துச் சாய்வாகத் தண்ணீருக்குள் விட்டேன். வைஷாலி எட்டிப் பார்த்தாள். தரையில் கம்பின் நிழல் இரண்டு துண்டாக விழுந்திருந்தது. நடுவில் ஒரு வெளிச்ச இடைவெளி.

அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். கம்பைத் தொடும் இடத்தில் தண்ணீர் கொஞ்சம் மேலே ஏறி வளைந்து நிற்கும். அந்த வளைவு வெளிச்சத்தைத் திருப்பி, நிழல் விழ வேண்டிய இடத்தில் கொண்டுபோய்ப் போடும். அதனால்தான் அங்கே நிழல் அறுகிறது. தண்ணீரில் பாதி, வெளியில் பாதி இருக்கிற எதற்கும் இப்படித்தான். முழுக்க மூழ்கிவிட்ட பொருளின் நிழல் மட்டும் உடையாது. அதையும் காட்ட, கையோடு கொண்டுபோயிருந்த ஒரு ஸ்பூனைப் போட்டேன். அது சுழன்று சுழன்று இறங்கியது. அதன் நிழல் முழுசாக இருந்தது.

"அம்மா, என் கைய வெக்கட்டுமா? போட்டோ எடு, ப்ளீஸ்."

குளத்தின் விளிம்பில் குப்புறப் படுத்து, மணிக்கட்டுக்கு மேல்வரை கையை விட்டாள். நான் கேமராவைக் கண்ணில் வைத்தேன். ஒரு படம். இன்னொரு படம்.

காற்று இல்லை. ஆனால் தண்ணீர் ஓர் இடத்தில் மட்டும் லேசாக அசைந்தது. அவள் கையிலிருந்து நாலடி தள்ளி.

க்ளப்... க்ளப்...

தண்ணீர் வழிந்தோடும் குழாயில் ஏதோ சத்தம் என்று நினைத்தேன்.

ஸ்பூனைத் தேடினேன். நேர் கீழேதான் விழுந்தது. இப்போது அங்கே இல்லை. ஆழமான பக்கமாக, வெகுதூரம் தள்ளிக் கிடந்தது.

மறுபடியும் கேமராவைத் தூக்கினேன். அப்போதுதான் பார்த்தேன்.

தரையில் இரண்டு கைகளின் நிழல்.

ஒன்று வைஷாலியுடையது. மணிக்கட்டுக்கு மேலே அறுந்து, நடுவில் வெளிச்சத்தோடு, சரியாக இருந்தது.

இன்னொன்று அதைவிடச் சிறியது. முழங்கை, மணிக்கட்டு, ஐந்து விரல்கள்.

எங்கேயும் அறுபடவில்லை.

என் கையாக இருக்குமோ? இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். கேமரா கழுத்தில் தொங்கியது.

நிழல் அப்படியே இருந்தது.

அறுபடாத நிழல் என்றால்... அந்தக் கை முழுக்கத் தண்ணீருக்குள் இருக்கிறது.

ஆனால் தண்ணீருக்குள் எதுவுமே இல்லை. ஓடுகளை எண்ணலாம், அவ்வளவு தெளிவு.

விரல்கள் விரிந்தன.

மெதுவாக நகர்ந்தது. என் மகளின் நிழலை நோக்கி.

"வைஷு... கைய எடு."

அவளை நோக்கிக் குனிந்தேன்.

இரண்டு நிழல்களும் தொட்டன.

"அம்மா... யாரோ..."

அவள் தோள் சடக்கென்று தண்ணீருக்குள் போனது.

இடுப்பைப் பிடித்தேன். இழுத்தேன். வரவில்லை. அத்தனை கனம்.

அவள் கையைப் பிடித்து உதறினேன். ஒரு தடவை. இரண்டு தடவை. மூன்றாவது தடவை முழு பலத்தோடு...

விட்டது.

இரண்டு பேரும் பின்னால் விழுந்தோம். ஓரத்தில் எடுத்து வைத்திருந்த கம்பு கால் பட்டு உருண்டு கணகணத்தது. நான் தலையைத் தூக்கிக் குளத்தைப் பார்த்தேன். அந்த நிழல் ஐந்து விரலும் விரிந்தபடி ஆழமான பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. போகப் போக வெளுத்தது. பிறகு இல்லை.

வீட்டுக்கு வந்து அவள் கையைப் பார்த்தேன். கீறல் இல்லை, சிவப்பில்லை. மணிக்கட்டைச் சுற்றி மட்டும் தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது, நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறியது போல. அவள் கையை விட்டிருந்ததே இரண்டு நிமிஷம்தான். படங்களைக் கழுவிப் பார்த்தோம். இருந்தவை முதலில் எடுத்த இரண்டும்தான். இரண்டிலும் ஒரு கைதான். அருண்ராஜ், வெயில் கண்ணைக் கூசச் செய்திருக்கும் என்றார்.

வைஷாலி நான்கைந்து நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. பயம் என்று நினைத்தேன். ஒருநாள் தலை பின்னும்போது அவளே சொன்னாள்.

"அது என்னை உள்ள இழுக்கல, அம்மா. மேல வர்றதுக்குத்தான் புடிச்சுது. நீ ஏன் உதறின?"

நான் பின்னலை அவிழ்த்து மறுபடியும் முதலிலிருந்து பின்னினேன்.

அடுத்த மார்ச்சில் வீட்டைக் காலி செய்தோம். சொல்லிக்கொள்ளச் சந்திரிகா வீட்டுக்குப் போனேன். ஏன் போகிறீர்கள் என்று கேட்டார். அருண்ராஜைத் தவிர அதுவரை யாரிடமும் வாய் திறக்காத நான், அன்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

நாங்கள் குடிவருவதற்கு முந்தின வருஷம், மே விடுமுறையில், நாங்கள் இருந்த அதே கட்டடத்துக்கு விருந்தாளியாக வந்திருந்த ஓர் ஒன்பது வயதுப் பெண் குழந்தை அந்தக் குளத்தில் மூழ்கிப் போய்விட்டதாம். அப்போது குளம் நிறையக் கூட்டம். தரையில் கறுப்பாக ஏதோ நிழல் தெரிந்ததைப் பல பேர் பார்த்திருக்கிறார்கள். காற்றடைத்த மிதவையின் நிழல் என்று நினைத்துக்கொண்டு அதைச் சுற்றி நீந்தியிருக்கிறார்கள். இதை அவர் தரையைப் பார்த்தபடியே சொன்னார். அவ்வளவுதான் என்று நினைத்து நான் எழுந்திருக்கப் போனேன். என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"அன்னிக்கு நானும் குளத்துல ஓரமா கம்பியப் புடிச்சிட்டு நின்னேன். அந்தப் பொண்ணு கீழ இருந்து என் கையப் புடிச்சுது. குனிஞ்சு பாத்தேன். தரை கிட்டத்துலதான் தெரிஞ்சுது. தண்ணில அப்டித்தான் ஆழம் கம்மியாத் தெரியுமாமே, எனக்கு எங்க தெரியும்... நின்னுக்கிட்டு விளையாடுதுன்னு நெனச்சேன்."

அவர் என் கையை விட்டார்.

"மூணு தடவ புடிச்சுது. மூணு தடவையும் நான் உதறிட்டேன்."